ஏழாவது சுற்றில் நீ கேட்ட தண்ணீர்

சாமி,

நாளை மறுநாள் காலையில் நீ போர்வெல் போடுகிற ரிக்கு வண்டியில் ஏறுகிறாய். சத்தீஸ்கருக்கு என்றாய். அங்கே எந்த ஊர் என்று கேட்டேன். "வண்டி போற ஊருங்கப்பா" என்றாய். அதற்கு மேல் நமக்குள் பேச்சு ஓடவில்லை. மூன்று வருஷமாகவே ஓடுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பண்ணையில் தீவன ரூமில் உட்கார்ந்து, மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரியில் எழுதுகிறேன். மணி இரண்டு. இந்த நேரத்தில் நான் ஷெட்டை விட்டு நகர மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். சித்திரை வெயிலில் கோழி சாவது உச்சி வேளையில் அல்ல, இரண்டிலிருந்து நான்குக்குள்தான். கால் மணிக்கு ஒருதரம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடருவேன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. சேலத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா உன்னிடமும் என்னிடமும் ஒன்றாகத்தான் சொன்னார். வெயிலில் நின்று செய்கிற வேலை வேண்டாம், அடிபட்ட சிறுநீரகம் இன்னொரு தரம் தாங்காது என்றார். நீயோ ஊரிலேயே வெயில் அதிகமான வேலையைத் தேடிப் பிடித்திருக்கிறாய். இரும்பு சுடும், கம்ப்ரசர் சுடும், குழியிலிருந்து கிளம்புகிற புழுதி சுடும். உங்கம்மா அழுதபோது நீ அவளிடம் சொன்ன பதில் சமையல்கட்டு வாசலில் நின்ற என் காதிலும் விழுந்தது. "ஊட்ல இருந்தா அப்பா என்னையவே பாத்துட்டு இருக்கறாரும்மா. டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு பின்னாலயே வாராரு. என்னால முடியல." நிஜந்தான் சாமி. மூன்று வருஷமாக ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் அலைகிறேன். நீ குடித்தாயா, எவ்வளவு குடித்தாய், பாத்ரூம் போய்விட்டு வந்தால் என்ன நிறத்தில் போனது என்று கேட்கிறேன். இருபத்தாறு வயசுப் பையனை எந்த அப்பனாவது இப்படிக் கேட்பானா? நான் கேட்டுக் கேட்டே உன்னை ஊரை விட்டு அனுப்புகிறேன்.

நான் தண்ணீர் தெரியாத ஆள் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. தெரியாதவன் செய்தால் பாவம் என்று விட்டுவிடலாம். நாமக்கல் பக்கத்தில் கோழிக்குத் தண்ணீர் காட்டுவதில் என்னைப் போல ஒரு சூப்பர்வைசர் கிடையாது என்று முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். கோழி தின்கிற தீவனத்தைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், வெயில் காலத்தில் அதற்கும் மேலே போகும். பதினோரு மணிக்கு மேல் குழாயில் நிற்கிற தண்ணீர் சூடேறிவிடும், சூடான தண்ணீரைக் கோழி தொடாது, அதனால் குழாயைத் திறந்துவிட்டுப் பழைய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். தொட்டியை ஈரச் சாக்கால் மூட வேண்டும். கூரையில் தென்னங்கீற்றைப் போட்டு அதன்மேல் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். கோழி வாயைத் திறந்து, இறக்கையைத் தூக்கிக்கொண்டு இரைக்க ஆரம்பித்தால் உடனே உப்புச்சத்துப் பவுடர் கலக்க வேண்டும். "தாகம் எடுத்ததுக்கு அப்பறம் தண்ணி காட்டறவன் வேலைக்காரன் இல்லடா, தாகம் எடுக்கறதுக்கு முன்னால காட்டோணும்" என்று வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் முதல் நாளே சொல்லுவேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தேன்.

இந்த ஞானம் எனக்குச் சும்மா வந்ததில்லை. நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது நான் குஞ்சு ஷெட்டில் இருந்தேன். குஞ்சுகளுக்குச் சில மருந்தைக் குடிக்கிற தண்ணீரில் கலந்துதான் கொடுப்போம். அதற்கு முன்னால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தண்ணீரை நிறுத்திவிடுவோம். அப்போதுதான் தாகத்தில் எல்லாக் குஞ்சும் ஒரே சமயத்தில் வந்து மருந்துத் தண்ணீரைக் குடிக்கும். வெயிலுக்கு முன்னால், விடியற்காலையில் செய்கிற வேலை அது. அன்றைக்கு நான் ஐந்து மணிக்கே வால்வை மூடிவிட்டேன். மருந்து கொண்டுவர வேண்டிய வண்டி சேந்தமங்கலம் ரோட்டில் டயர் வெடித்து நின்றுவிட்டது. இதோ வருகிறது, இதோ வருகிறது என்று போன் வந்துகொண்டே இருந்தது. ஏழாயிற்று, எட்டாயிற்று, வெயில் ஏறியது. குஞ்சுகள் காலிக் குழாயைக் கொத்துகிற சத்தம் ஷெட்டுக்கு வெளியே கேட்டது. கூட வேலை பார்த்தவன், "அண்ணா, தொறந்து உட்டர்லாமுங்களா?" என்று இரண்டு தரம் கேட்டான். திறந்துவிட்டால் அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தது வீணாகப் போய்விடுமே என்று நான் திறக்கவில்லை. வண்டி ஒன்பதரைக்கு வந்தது. தண்ணீர் விட்டதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து, நெரிந்து செத்ததைக் கூடை கூடையாக அள்ளினோம். அதற்குள் வாடிக் கிடந்தவற்றிலும் பல பிழைக்கவில்லை. அன்றைக்கு நான் சோறு தின்னாமல் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீ வந்து என் மடியில் உட்கார்ந்து, "கோழிக்குஞ்சுக்குத் தண்ணி குடுக்க மறந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். மறக்கவில்லை சாமி, கொடுக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு ஷெட்டுச் சுவரில் என் கையாலேயே எழுதி வைத்தேன். வெயில் ஏறினால் மருந்தும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம், வால்வைத் திற. அந்த எழுத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. இத்தனை வருஷமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

இரு, மூணாம் நம்பர் ஷெட்டில் ஃபேன் சத்தம் மாறுகிறது. பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். பெல்ட்தான், சரியாகிவிட்டது. கோழிக்கு மட்டும் இந்தப் படிப்பு, பெற்ற பிள்ளைக்கு ஏன் இல்லை என்று நீ கேட்டதில்லை. ஆனால் நான் சொல்லியாக வேண்டும். உனக்கு அரையும் குறையுமாகத் தெரிந்த கதைதான், நான் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போய்த் தோற்ற கதை. சேலத்தில் ஓடவிட்டார்கள். உயரம், மார்பளவு எல்லாம் தேறிவிட்டேன். ஓடுவதற்கு முன்னால் பயத்தில் நாக்கு வறண்டது. ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்துவிட்டு நின்றேன். மூன்றாவது சுற்றில் விலா எலும்புக்குக் கீழே பிடித்துக்கொண்டது. மடங்கி உட்கார்ந்துவிட்டேன். என் பின்னால் ஓடி வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். பஸ் ஏறி மல்லசமுத்திரம் வந்து சேருவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என்னைத் தோற்கடித்தது அந்தச் சொம்புத் தண்ணீர்தான். காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு மாசங்கூட ஒழுங்காக ஓடிப் பழகாததையும் எடுக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் தண்ணீரைக் கோணல் என்றேன். அதை இருபது வருஷம் நம்பி, அந்த நம்பிக்கையை உன் தலையில் கட்டினேன்.

உனக்குப் பதின்மூன்று வயசிலேயே நீ ஓடுகிற அழகு தெரிந்துவிட்டது. நான் விட்டதை நீ பிடிப்பாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். விடியற்காலையில் உன்னை எழுப்பி ஸ்கூல் கிரவுண்டுக்குக் கூட்டிப் போவேன். நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். முந்தின நாள் ராச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஓட்டம் முடிகிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது. தாகம் எடுத்தால் வாய் கொப்புளித்துத் துப்பலாம். "ஒடம்பைப் பழக்கு கண்ணு. ஒட்டகம் குடிக்குதா?" என்பேன். நீயும் ஒருநாள்கூட எதிர்த்துப் பேசவில்லை. உன் பி.டி. வாத்தியார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏனுங்க, பையன் ஓடறதுக்கு முன்னாலயும் நடுவுலயும் கொஞ்சங் கொஞ்சமாக் குடிக்கோணுமுங்க. வேர்வையில உப்பும் போவுது, அதையும் ஈடு கட்டோணும்." அவரிடம் தலையாட்டிவிட்டு வரும் வழியிலேயே உன்னிடம் அவரைக் கேலி பேசினேன். உங்கம்மா ஒருநாள் எலுமிச்சம்பழமும் உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு பாட்டிலில் ரகசியமாக உன் பையில் வைத்து அனுப்பினாள். நான் அதைக் கண்டுபிடித்து, உங்கள் இரண்டு பேர் கண்ணெதிரிலும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். அவள் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

போலீஸ் எழுத்துப் பரீட்சையில் நீ பாஸான அன்றைக்கு நான் பண்ணையில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். உடல் தகுதித் தேர்வுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. இதே சித்திரை மாசம், இதே வெயில். விடியற்காலை மூன்று மணிக்குப் பண்ணையில் மோட்டார் கருகிவிட்டது. நான் ஓடினேன். போகும்போது உன்னை எழுப்பி, "கிரவுண்டுக்குப் போயி ஒடம்பைச் சூடு பண்ணிட்டு இரு, ஆறு மணிக்கு வந்தர்றேன். நான் வராம ஓடாத, டைம் பாக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆறு மணிக்கு வர முடியவில்லை. டேங்கர் சொல்லி, தொட்டி நிரப்பி, அத்தனை ஷெட்டுக்கும் தண்ணீர் ஏற்றி, குழாயில் காற்று அடைத்ததை எடுத்துவிட்டு, உப்புச்சத்துப் பவுடர் கலந்து, ஒரு கோழிகூடச் சாகாமல் பார்த்துக்கொண்டு கிளம்பினபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டுதான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

நீ கிரவுண்டு ஓரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாய். ஐந்தரை மணியிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறாய். பத்தடி தூரத்தில் ஸ்கூல் குழாய். நீ குடிக்கவில்லை. நான் கேட்டேன், "தண்ணி கிண்ணி குடிச்சயா?" என்று. "இல்லீங்கப்பா" என்றாய். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வாயில் கசக்கிறது. ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை ஒன்பதரை வரைக்கும் உன் வால்வை நான் மூடி வைத்திருந்தேன். மருந்து வண்டியாக நானே தாமதமாக வந்தேன். வெயில் ஏறிவிட்டது, இன்றைக்கு வேண்டாம், ஊட்டுக்குப் போலாம் வா கண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ்வளவு நேரம் நீ தாகத்தோடு இருந்தது வீணாகிவிடுமே என்று நினைத்தேன். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பத்துச் சுற்று ஓடு என்றேன். ஐந்து சுற்று அழகாக ஓடினாய். ஆறில் கால் தரையைத் தேய்த்தது. ஏழாவது சுற்றில் என்னைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, கையை நீட்டினாய். "அப்பா, ஒரு வாய் தண்ணி குடுங்கப்பா." என் கையில் பாட்டில் இருந்தது. பண்ணையிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்த குளிர்ந்த தண்ணீர். நான் அதை உன் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டி, "இன்னும் மூணே சுத்துதான். முடிச்சுட்டு வா, முழுசும் உனக்குத்தான்" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு ஓடினாய். ஒன்பதாவது சுற்றில் நீ ஓடுகிற கோட்டிலிருந்து விலகி, கபடி மைதானத்துப் பக்கம் குடித்தவன் மாதிரித் தள்ளாடிப் போனாய். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. விழுந்தபோது ஓடி வந்து தூக்கினேன். உடம்பு அடுப்புச் சட்டியாகக் கொதித்தது. பாட்டில் தண்ணீரை வாயில் ஊற்றினேன், உள்ளே இறங்கவில்லை, கடைவாயில் வழிந்தது. மிச்சத்தை உன் தலையில் ஊற்றினேன். என் சட்டைப் பையில் கோழிக்குக் கலக்குகிற பவுடர் பாக்கெட் ஒன்று மீந்து இருந்தது. அது ஆஸ்பத்திரி வரைக்கும் என்னோடு வந்தது.

சேலத்து ஆஸ்பத்திரியில் உனக்குப் போன முதல் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. சதை உருகி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்று அந்த டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வயசு உன்னைவிட நாலைந்துதான் கூட இருக்கும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "எப்போ கடைசியாத் தண்ணி குடிச்சாரு? ஓடும்போது தாகம்னு சொன்னாரா, தண்ணி கேட்டாரா?" உங்கம்மா பக்கத்தில் நின்றாள். நான் சொன்னேன், "கேக்கலீங்க." அவர் எழுதிக்கொண்டார். போலீஸ் ஆகியிருந்தால் எத்தனை பொய்யைக் கண்டுபிடித்திருப்பேனோ, அன்றைக்கு நான் சொன்ன பொய்யை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

உனக்குச் சுயநினைவு வந்த பிறகு இன்னொன்று நடந்தது. சிறுநீர் பிரியவில்லை, அதனால் உனக்குத் தண்ணீரையே அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு நாளைக்கு இத்தனை மில்லி என்று நர்ஸம்மா பிளாஸ்டிக் குவளையில் கோடு போட்டுக் கொடுத்தார். இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, உதடு வெடித்து, நீ அந்தக் குவளையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். என் இரண்டு கையிலும் தண்ணீர் இருந்தது, கொடுக்கக்கூடாது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். என் விஷயத்தில் அது நிற்கக்கூட இல்லை. அப்போதுதான் உங்கம்மா உன் தலையைத் தடவிக்கொண்டு, "நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சாமி, அப்பா குடுத்திருப்பாருல்ல" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். கிரவுண்டில் பார்த்த அதே பார்வை. "எனக்குத் தாகமே இல்லம்மா, நான் கேக்கல" என்றாய். என் பொய்யை நீ எடுத்து உன் பொய்யாக்கிக்கொண்டாய்.

அந்த மூன்று வாரமும் உங்கம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பொம்பளைகள் கக்கூஸில் கூட்டம், தாழ்ப்பாள் இல்லை, அதனால் குடிப்பதில்லை. கேட்டால், "மில்லுக்குப் போன காலத்துல இருந்தே அப்படித்தானுங்க, பழகிருச்சு" என்றாள். அவளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதும், தலைவலி என்று சுருண்டு படுப்பதும் இத்தனை வருஷம் எதனால் என்று நான் யோசித்ததே இல்லை. ஆயிரக்கணக்கான கோழிக்குத் தாகம் பார்த்தவன் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அதில் இரண்டு பேர் தாகத்தை அடக்கி அடக்கியே வாழ்ந்திருக்கிறார்கள். நான் மட்டும் வேண்டிய மட்டும் குடித்தேன்.

நீ பிழைத்தாய். சிறுநீரகம் முழுசாகத் திரும்பவில்லை. அந்த வேலையும் போயிற்று, அதற்குப் பிறகு போன மற்ற செலக்‌ஷனிலும் ரத்தப் பரிசோதனையில் திருப்பி அனுப்பினார்கள். அதையெல்லாம்கூட ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் நீ யாரிடமும் தண்ணீர் கேட்டு நான் பார்க்கவில்லை. உன் அத்தை வீட்டில், கல்யாண வீட்டில், பஸ்ஸில், எங்கேயும். சோறு தின்னும்போது விக்கல் எடுத்தால்கூட எழுந்து போய் நீயே எடுத்துக்கொள்வாய், எட்டாத இடமென்றால் விக்கிக்கொண்டே இருப்பாய். நானாகக் கொடுத்தால் "தாகமில்லீங்கப்பா" என்பாய். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் உன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சொன்ன அளவு குடிக்கறீங்களா?" என்று கேட்கிறார். நீ ஆமாம் என்கிறாய். நம் இரண்டு பேரையும் அவர் நம்புகிறார்.

இனி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆனாலும் எழுதுகிறேன், வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே, உனக்கு அது எடுப்பதைக் கவனிக்கிற பழக்கத்தையே நான் கொன்றுவிட்டேன். வேலை தொடங்குவதற்கு முன்னால் குடி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இரு. ஒரேயடியாகச் சொம்பு சொம்பாகக் கவிழ்க்காதே. வேர்த்து ஊற்றுகிற நாளில் வெறும் தண்ணீர் போதாது, மோரோ, கஞ்சித் தண்ணியோ, உப்புக் கரைசலோ வேண்டும். உனக்கு எவ்வளவு என்பதை டாக்டரம்மாவிடம் எழுதி வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன், அதை மீறாதே, குறைக்கவும் செய்யாதே. ரிக்கில் நாளெல்லாம் டீயைக் குடித்தே ஓட்டுவார்கள், சாயங்காலம் வேறு ஒன்றைக் குடித்து ஓட்டுவார்கள், இரண்டும் தண்ணீர்க் கணக்கில் சேராது. சிறுநீர் வைக்கோல் நிறத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் கறுத்தால் நிழலுக்குப் போ. தலை சுற்றினால், வாந்தி வந்தால், கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் இன்னும் மூணே சுத்து என்று எவன் சொன்னாலும் கேட்காதே. அவன் அப்பனாக இருந்தாலும் கேட்காதே.

இதில் எதையும் நீ செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரிகிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று டிகிரியில், மொழி தெரியாத ஊரில், முந்நூறு அடி ஆழத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். ஊர்ச்சனம் எல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். நீ இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, உதடு வறண்டு, யாரிடமும் கேட்காமல் நிற்பாய். கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

நேற்றுச் சாயங்காலம் உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்டான், என் கையில் பாட்டில் இருந்தது, நான் கொடுக்கவில்லை, டாக்டரம்மாவிடம் பொய் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன் என்றேன். திட்டுவாள், முறத்தை என் மேல் எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முறத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை. "எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "எப்படி?" என்றேன். "முத மூணு நாளு அவன் நெனப்பில்லாமக் கெடந்தானே, உள்ள என்னையத்தான உட்டாங்க. கண்ணத் தொறக்காம ஓயாம அதையேதானுங்க கேட்டுட்டு இருந்தான். அப்பா, ஒரு வாய் தண்ணி குடுங்கப்பா, அப்பா, ஒரு வாய்னு. நான் பக்கத்துல நிக்கறேன், எங்கிட்டக் கேக்கல. உங்ககிட்டயேதான் கேட்டான். அவன் வாயால சொல்லுவானான்னுதான் பின்னால, கேட்டிருக்கலாமே சாமின்னு சொல்லிப் பாத்தேன்." பிறகு நொய்யைத் தனியாக ஒதுக்கிக்கொண்டே, "நெனப்பு வந்ததுக்கப்பறம் கேக்கறதை நிறுத்திட்டான்" என்றாள்.

மூன்று வருஷம் அவள் இதைத் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

ஆகவே சாமி, நம் மூன்று பேருக்கும் தெரிந்ததை ஒருதரம் நான் என் கையால் எழுதிவிடுகிறேன். அடுத்த தடவை டாக்டரம்மாவைப் பார்க்கும்போது அவர் எழுதினதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளச் சொல்வேன். நீ கேட்டாய். ஏழாவது சுற்றில், கையை நீட்டிக் கேட்டாய். நான் கொடுக்கவில்லை. தப்பு கேட்டவன் பேரில் இல்லை. கேட்டால் கிடைக்காது என்று நீ என்னிடம் படித்ததை அங்கே இருக்கிற யாராவது மாற்ற வேண்டும். யாரிடமாவது கேள். ஒருதரம் கேட்டு, இல்லையென்று தலையாட்டினால், அடுத்தவனிடம் கேள்.

மணி நான்காகிவிட்டது. இன்றைக்கு ஒரு கோழியும் சாகவில்லை. காலையில் நான் கிளம்பும்போது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் கட்டிலடியில் சொம்பு நிறைய தண்ணீர் வைத்து, டம்ளரால் மூடிவிட்டு வந்தேன். மத்தியானம் உங்கம்மாவுக்குப் போன் பண்ணி, குடித்தானா என்று கேட்டேன். பார்த்துவிட்டு வந்து சொன்னாள். வைத்தது வைத்தபடியே இருக்கிறதாம்.

அப்பா